கணிப்பில் இல்லாத கோப்பை

எங்கள் அம்பத்தூர் ரக்பி லீக் கிளப் இன்னும் இருபத்தேழு வருடம் கழித்து கோப்பையை வெல்லும் என்று கணிப்பு இயந்திரம் சொல்லிவிட்டது. அப்போது கேப்டனாக இருக்கப்போவது, இன்றைய ஆட்டக்காரன் நிகிலனுக்கு இனிமேல் பிறக்கவிருக்கும் மகன்.

உடனே நிகிலனை ஆட்டத்திலிருந்து நிறுத்திவிட்டு, பெண் பார்க்க அழைத்துப்போனார் செயலாளர் பூவராகவன். பஜ்ஜி வந்தது. அவர் இன்ச் டேப்பைப் பெண்ணின் அம்மாவிடம் நீட்டி, மகளின் தோளை அளக்கச் சொன்னார். பதினேழு அங்குலம். அவருக்குப் பரம திருப்தி.

பெண் நிகிலனைப் பார்த்தாள். "போன மாச மேட்ச்ல தனியாளா மூணு ட்ரை அடிச்சு ஜெயிக்க வச்சவர்தானே நீங்க? ஏன் இப்ப ஆடறதில்ல?"

செயலாளர் பதறினார். "அடிகிடி பட்டுட்டா கோப்பை என்னம்மா ஆகறது?"

"இவர் ஆடினா இந்த வருஷமே ஜெயிச்சிடலாமே, சார்."

"ஜெயிக்கலாம்தான். ஆனா அது கணிப்புல இல்லையேம்மா."