முன்னங்கால் ஸ்டூல்மேல்

"நாயைச் சாப்பிட விடுங்க மாமா, சர்க்கஸ் காட்டாதீங்க" என்று மருமகள் தலைப்பாடாக அடித்துக்கொண்டும் பெரியவர் காதில் போட்டுக்கொண்டால்தானே.

ஸ்டூலை இழுத்துப் போட்டு, அந்தச் சப்பைமூக்கு நாயின் முன்னங்கால்களை அதன்மேல் தூக்கி வைத்து, நிற்க வைத்துத்தான் சாப்பாடு. தின்ற பிறகும் மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்வார். அது திமிறினால் அதட்டல் வேறு.

தின்றதைக் கக்கிக் கக்கி நாய் எலும்பும் தோலுமாகிவிட்டது. எல்லாம் இவர் படுத்தும் பாடுதான் என்று அவள் புருஷனிடம் புலம்பினாள். அவன் நாயை எக்ஸ்ரே எடுக்கத் தூக்கிக்கொண்டு போனான்.

முதல் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியவில்லை. வேறொரு டாக்டரம்மாதான் வயிற்றை லேசாக அமுக்கிக்கொண்டே படம் எடுத்தார். அப்போது அகப்பட்டது குட்டு. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தடுப்பில் ஓட்டை பெருத்து, இரைப்பை அது வழியாக மேலே ஏறி ஏறி இறங்குகிறதாம். இறங்கியிருக்கும் நேரத்தில் படம் எடுத்தால் தெரியாதாம். உடனே ஆபரேஷன் என்றார்கள்.

இப்போது ஆபரேஷன் அறைக்கு வெளியே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், கதவையே பார்த்தாள். பெரியவர் மூலை பெஞ்சில் இருந்தார். நாய்க்கு மட்டும் ஏதாவது ஆகட்டும், இந்த மனுஷன் முகத்திலேயே முழிக்கமாட்டேன் என்று கறுவிக்கொண்டாள்.

கதவு திறந்தது.

"பயப்படாதீங்க. இரைப்பையைக் கீழே இழுத்து, ஓட்டையைச் சின்னதாக்கி, மறுபடி ஏறாம வயித்துச் சுவரோட சேர்த்துத் தைச்சாச்சு" என்றார் டாக்டரம்மா. "ஆமா, இவ்வளவு கக்கியும் நுரையீரல் சுத்தமா இருக்கே, எப்படிச் சாப்பாடு கொடுத்தீங்க?"

"நிக்க வெச்சுத்தான். இதோ இவர் வேலை. நல்லா கேளுங்க டாக்டர்."

"கேட்க என்ன இருக்கு? குனிஞ்சு தின்னிருந்தா கக்கினது மூச்சுக்குழாயில இறங்கியிருக்கும். இன்னிக்கு வரைக்கும் தாங்கினதே இவராலதான்."

அவளுக்கு முகம் செத்துவிட்டது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"

"எனக்கும் சாப்பிட்டது நெஞ்சுக்கு ஏறிடுதும்மா. நிமிர்ந்தே இருந்தா கொஞ்சம் இறங்கும். படுக்க முடியாம உக்காந்துதான் தூங்குறேன்."

"ஐயோ, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"வேலைக்கும் ஓடி, நாயையும் தூக்கிட்டு அலைஞ்சீங்க. முதல்ல அது பிழைக்கட்டும்னு இருந்தேன்."