பெரிய மைக் வந்த நாள்

மதிவதனி தொண்டையைச் செருமிவிட்டு முதன்முதலாகப் பாடிய அந்தத் தாலாட்டை மடிக்கணினிக்குள் இருந்த குட்டி மைக் மறக்கவே இல்லை. அன்று முதல் அவள் குரல் தனக்கே சொந்தம் என்று அது நினைத்திருந்தது.

ஒரு நாள் பெரிய மைக் ஒன்று வந்து ஸ்டாண்டில் ஏறிக்கொண்டது. மதிவதனி அதன் பக்கம் திரும்பிப் பாடினாள். குட்டி மைக்குக்கு வயிறு எரிந்தது.

பாட்டைப் பதிவு செய்யும் மென்பொருள் கிசுகிசுத்தது. “தம்பி, புது மைக்குக்கு மாறச் சொல்லி அவள் என்னிடம் சொல்லவே இல்லை. இன்னும் உன் காதால்தான் கேட்கிறேன். திரையில் ஒரு வரி காட்டட்டுமா?”

“சும்மா இரு அண்ணே. மாப்பிள்ளை மாதிரி நிற்கிறாரே, அவரே சொல்லிக்கொள்ளட்டும்.”

முழுப் பாட்டையும் குட்டி மைக்கே வாங்கிக்கொண்டது, தன்னருகே இரைந்த கணினி விசிறியோடு சேர்த்து.

மதிவதனி போட்டுக் கேட்டாள். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல் இருந்தது.

“இவ்வளவு நல்ல மைக்கிலேயே இப்படியென்றால், என் குரல்தான் சரியில்லை,” என்றாள்.

“அண்ணே, இப்போதாவது சொல்லிவிடு,” என்று குட்டி மைக் பதறுவதற்குள் அவள் கணினியை மூடிவிட்டாள்.

மதிவதனி அதோடு பாட்டை விட்டுவிட்டாள். இப்போது அதே மடிக்கணினியில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள்.