சிவப்புக்கு அடியில்

“பெயிண்ட்டைக் கழுவிக் காட்டச் சொல்லுங்க சார். இங்கேயே, இப்பவே! உள்ளேருந்து பொம்மைக் கடை மஞ்சள் வருதா இல்லையான்னு பாத்துடுவோம்” என்று சவுண்ட் விட்டார் ராமநாதன்.

கையுறை மாட்டிக்கொண்டிருந்த நீலா பாதியிலேயே நிறுத்தினாள். பயத்தில்தான் நிறுத்திவிட்டாள் என்று ஹாலில் இருந்த அத்தனை பேரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

புனே தமிழ்க் குடும்பங்கள் நடத்தும் மாடல் வண்டி கிளப்பில் அன்று வருடாந்திரப் போட்டி. இந்த வருடம் எல்லோருக்கும் ஒரே வண்டி. இந்த ஊர்க்காரர்கள் ‘லால் பரி’ என்று செல்லமாகக் கூப்பிடும் சிவப்பு அரசு பஸ். வெள்ளை பிளாஸ்டிக் பாகங்களை வாங்கி, தானே ஒட்டி, தன் கையாலேயே பெயிண்ட் அடிக்க வேண்டும். பாரபட்சம் கூடாது என்று எந்த வண்டியிலும் பெயர் எழுதவில்லை, அடியில் நம்பர் மட்டும்தான்.

கடைசிச் சுற்றுக்கு வந்தது ரெண்டே பஸ். ஒன்று நீலாவுடையது, இன்னொன்று ராமநாதனுடையது. ரெண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி மேஜையில் நின்றன.

ராமநாதன் பெரிய ஐ.டி. மேனேஜர். நீலா கோயமுத்தூர்க்காரி, ரஞ்சன்காவில் ஒரு ஃபேக்டரியில் பெயிண்ட் செக்‌ஷனில் ஷிஃப்ட் பார்க்கிறவள். போயும் போயும் இவளிடம் தோற்பதா என்று மனுஷனுக்கு வயிறு எரிந்தது.

“இதே அச்சுல ரெடிமேட் ஸ்கூல் பஸ் பொம்மை கிடைக்குது சார். அதை வாங்கி மேல சிவப்பைப் பூசிட்டு வந்துட்டா, ஒட்டுற வேலையும் மிச்சம், தேய்க்கிற வேலையும் மிச்சம். இவங்களுக்கு அவ்வளவு நறுவிசா ஒட்ட வருமா, சொல்லுங்க?”

நடுவர் சங்கரன் தேஹு ரோடு ராணுவ டெப்போவில் இருந்து ரிட்டயர் ஆனவர். சட்டம்னா சட்டம் என்கிற ஆள். தர்மசங்கடமாக நீலாவைப் பார்த்தார்.

“கழுவிட்டா அந்த வண்டி போட்டியில இருக்காதும்மா. உள்ள மஞ்சள் வந்துச்சோ, ஆளையே கிளப்பை விட்டு நீக்கிடுவோம், விதி அப்படி. பேசாம விலகிக்கோயேன், இதை இத்தோட விட்டுடறேன்.”

“எதுக்குங்க விலகணும்?” நீலாவின் குரல் ஹால் கடைசி வரை கேட்டது. “ஆறு வருசமா ஞாயித்துக்கிழமையானா ரெண்டு பஸ் மாறி இங்க வர்றேனுங்க. எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு நாள்தான். ஏமாத்துக்காரின்னு பேர் வாங்கிட்டு வீட்டுக்குப் போறதுக்கு வேற ஆளைப் பாருங்க. கழுவிப் பாத்துடலாம்!”

புதியவர்களுக்குப் பழைய பெயிண்ட்டை எடுக்க அன்று அவள்தான் சொல்லிக்கொடுப்பதாக இருந்தது. அதனால் தட்டு, பிரஷ், ஆல்கஹால் எல்லாம் தயாராகவே இருந்தன. மேஜைக்குப் போனாள். ரெண்டு பஸ்ஸின் சக்கர வளைவையும் கட்டை விரலால் ஒரு தடவு தடவினாள். ஒன்றைத் தூக்கி ராமநாதன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“இதைத்தானுங்களே சொல்றீங்க?”

“அதேதான்!” ஹாலைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அப்புறம் மாத்திப் பேசக் கூடாதுங்க.”

“அரே, எத்தனை தடவைம்மா கேப்பே? இந்த டப்பாவைத்தான் சொல்றேன். போடு உள்ள!”

ஸ்க்ரூவைக் கழற்றி, சக்கரம் உள்ள அடித்தட்டை ஓரமாக வைத்தாள். மேல்கூட்டை மட்டும் ஆல்கஹாலில் முக்கி மூடினாள்.

“கையால அடிச்ச பெயிண்ட் இதுல ஊறிக் கழண்டுக்கும். பொம்மைக் கம்பெனி பெயிண்ட் அவ்வளவு லேசுல அசையாதுங்க” என்றாள், பாடம் நடத்தும் குரலில்.

அரை மணி நேரம் ஊறியது. ராமநாதன் நிம்மதியாக ரெண்டு வடாபாவ் சாப்பிட்டார். நீலா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பிறகு மூடியைத் திறந்து, பழைய டூத் பிரஷால் தேய்த்தாள். சிவப்பு தோல் தோலாக உரிந்து வந்தது. அடியில் பளிச்சென்று மஞ்சள். இன்னும் நாலு தேய்ப்பு தேய்த்ததும் ‘ஸ்கூல் பஸ்’ என்று கறுப்பு எழுத்தே வந்துவிட்டது.

“அடப்பாவி! இந்தப் பொண்ணா இப்படி?” என்றது ஒரு குரல். ஹாலில் ஒரே சலசலப்பு.

ராமநாதனே தட்டை எட்டிப் பார்த்துக் கண்ணைக் கசக்கினார். நிஜமாகவே மஞ்சள் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. அடுத்த நொடி துள்ளிக் குதித்தார்.

“பாத்தீங்களா, நான் சொல்லல? ஃப்ராடு சார், பக்கா ஃப்ராடு! இந்த வண்டியைக் கொண்டுவந்த ஆளுக்கு இனிமே இந்த வாசப்படியே கிடையாது. எழுதுங்க சார், எழுதிக் கையெழுத்தைப் போடுங்க!”

சங்கரன் பெருமூச்சு விட்டபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெயரை நிரப்புவதற்காக ஓரமாக இருந்த அடித்தட்டைத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த நம்பரைத் தன் லிஸ்டில் தேடினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஒரு தடவை பார்த்தார்.

“என்ன சார் யோசனை? சட்டுபுட்டுனு அனுப்புங்க!” என்றார் ராமநாதன்.

நீலா பிரஷைக் கீழே வைத்தாள்.

“கிளம்புங்க சார், இது உங்க வண்டிங்க.”