நடுச்சுவர்

“இந்த நடுச்சுவரை இடிச்சே ஆகணும். இல்லேன்னா மாடி மொத்தமும் ஒரு நாள் தெருவுல வந்து உட்கார்ந்துடும்!”

சீனியர் இன்ஜினீயர் சொன்னதைக் கேட்டு, பக்கத்தில் நின்ற புது இன்ஜினீயருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இந்த ஊருக்கு மாற்றலாகி அவள் நேற்றுதான் வேலையில் சேர்ந்திருந்தாள். கடைவீதியில் வரிசையாக நிற்கும் அந்தக் காலக் கட்டிடங்கள் இன்னும் உறுதியாக இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு இவர்கள் இருவருக்கும். காலையிலிருந்து தூண் வைத்த தபால் ஆபீஸ், இரும்புக் கிராதி போட்ட பழைய பாங்க், ஓடு வேய்ந்த அச்சகம் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எங்கேயும் சீனியர் ஒரு வார்த்தை கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

இங்கே வந்ததும் மனுஷர் இப்படிப் புளுகுகிறாரே!

இந்தக் கட்டிடமே ஒரு வேடிக்கை. அப்பாவுக்குப் பிறகு இரண்டு பெண்களுக்கும் சரிபாதி. அக்கா பாதியில் செருப்புக் கடை, தங்கை பாதியில் மூக்குக்கண்ணாடிக் கடை. பால்கனி நடுவில் யார் போர்டை மாட்டுவது என்று தொடங்கிய சண்டை, இரண்டு கடைக்கும் நடுவே இருந்த வளைவு வாசலைச் செங்கல் வைத்து அடைக்கும் வரைக்கும் போய்விட்டது. அக்கா தன் பாதிக்கு நீலம் அடித்தாள். தங்கை விடுவாளா? மஞ்சள்! கட்டிடத்தின் நெற்றியில் கட்டிய வருஷம் புடைத்துக்கொண்டிருந்தது. அதிலும் ‘18’ நீலம், ‘97’ மஞ்சள்.

இப்போது இரண்டு பேரும் அவரவர் வாசல்படியில் நின்றார்கள். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். பேச்சு மட்டும் சீனியர் வழியாகத்தான்.

“அவங்களைக் கேட்டுக்குங்க சார். அப்புறம் நான்தான் இடிக்கச் சொன்னேன்னு ஊர் பூரா சொல்லுவாங்க” என்றாள் அக்கா, ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

“சுவர் எழுப்பினது யாருன்னு ஊருக்கே தெரியும் சார். அவங்ககிட்டயே கேளுங்க” என்றாள் தங்கை, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு.

“யாரையும் கேக்கறதுக்கில்ல. செங்கல் பாரம் வளைவை அழுத்துது. இன்னைக்கே எடுத்தாகணும்.”

“சட்டம்னா சரி. நான் என்ன செய்ய முடியும்?” என்றாள் அக்கா.

“எனக்கு மட்டும் வேற சட்டமா? எடுங்க” என்றாள் தங்கை.

சீனியர் தெருமுனையைப் பார்த்துக் கையசைத்தார். கடப்பாரையும் கையுமாக மேஸ்திரி வந்துவிட்டான். முன்கூட்டியே வரச் சொல்லி வைத்திருந்தார் போலிருக்கிறது!

புது இன்ஜினீயருக்குப் பொறுக்கவில்லை. அவரை ஓரமாக அழைத்தாள்.

“சார், இந்தச் சுவர் இரும்பு மாதிரி இருக்கு. வளைவுக்கு முட்டுக் கொடுக்குமே தவிர, ஒரு கெடுதலும் பண்ணாது. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியுமே!” என்றார் அவர், கூச்சமே இல்லாமல். “கொஞ்சம் பொறுங்க மேடம்.”

செருப்புப் பெட்டிகளை நகர்த்திவிட்டு மேஸ்திரி இடிக்கத் தொடங்கினான். சுவர் லேசில் மசியவில்லை. வியர்த்து விறுவிறுத்துப் போய் ஒருவழியாக நாலைந்து செங்கலைப் பெயர்த்தான். புழுதி அடங்கியதும் ஓட்டை வழியே அந்தப் பக்கம் தங்கையின் முகம் தெரிந்தது.

அக்கா குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஏன்டி இப்படி இளைச்சுப் போயிட்டே? சாப்பிடறியா இல்லையா?”

“நீ மட்டும் என்னவாம்? தலை பாதி நரைச்சுப் போச்சு!” தங்கையின் குரல் உடைந்தது. “தள்ளி நில்லுக்கா, செங்கல் மேலே விழப்போகுது!”

அக்கா தள்ளி நிற்கவில்லை. ஓட்டைக்குள் கையை விட்டு, தங்கையின் கன்னத்தில் ஒட்டியிருந்த செங்கல் தூளைத் துடைத்துவிட்டாள். தங்கை அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, கையை எடுத்தீங்கன்னாதான் நான் கடப்பாரை போட முடியும்” என்றான் மேஸ்திரி பாவமாக.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். புது இன்ஜினீயரும் சிரித்துவிட்டாள். ஆனாலும் விடவில்லை. வெளியே வந்ததும் சீனியரைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்லதுதான் நடந்திருக்கு, ஒத்துக்கறேன். அதுக்காக நம்ம வேலையில இருக்கறவங்க வாய் கூசாம பொய் சொல்லலாமா? மேஸ்திரி வேற தயாரா நிக்கறான். உங்களுக்கு இதுல என்ன லாபம்?”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“போன வாரம் அந்த அக்கா ஆபீசுக்கு வந்தாங்க மேடம். ‘தங்கச்சியைப் பார்க்காம இருக்க முடியல. ஆனா நானா இறங்கிப் போக மாட்டேன். சுவர் மேல பழியைப் போட்டு இடிக்க வெச்சுடுங்க’ன்னு ஒரே அழுகை.”

“நீங்களும் உடனே தலையாட்டிட்டீங்களாக்கும்?”

“ஐயையோ, இல்ல! எந்தக் கட்டிடத்தைப் பத்தியும் நான் பொய் சொன்னதில்ல, மன்னிச்சுக்குங்கன்னு கும்பிட்டு அனுப்பிட்டேன்.”

“அப்புறம் எப்படி மனசு மாறினீங்க?”

சீனியர் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நேத்து தங்கச்சி வந்து அதே பொய்யைச் சொல்லச் சொன்னாங்க. அக்காவுக்கு மட்டும் தெரியவே கூடாதாம்!”