டாக்டரம்மாவின் அபசுரம்

"ஐயா, ஒண்ணு அந்தம்மா பாடணும், இல்ல நாங்க பாடணும். ரெண்டுல ஒண்ணு நீங்களே முடிவு பண்ணுங்க!"

ஆராதனை முடிந்த கையோடு போதகரின் அறைக்குள் நுழைந்து குதித்தார் பாடகர் குழு மாஸ்டர். பாட்டுப் புத்தகத்தை அவர் மேசையில் போட்ட வேகத்தில் போதகரின் காபி தளும்பியது.

குற்றவாளி, பல் டாக்டரம்மா. பாட்டு ஆரம்பித்தால் போதும், மூன்றாவது பெஞ்சிலிருந்து கிளம்பிவிடும் அந்தக் குரல். சுருதியும் கிடையாது, தாளமும் கிடையாது. சபையே திரும்பிப் பார்க்கும். பாடகர் குழு வாண்டுகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'மில் சங்கு'.

"அடுத்த ஞாயிறு பிஷப் வர்றார். மாசக்கணக்கா தொண்டை கிழியப் பயிற்சி எடுத்திருக்கோம். இந்தம்மா நடுவுல புகுந்தா நம்ம மானம் கப்பலேறிடும்!"

"எனக்கும் காது இருக்கே மாஸ்டர்," என்று சிரித்தார் போதகர்.

"அப்போ சொல்லுங்க. கடைசி பெஞ்சுக்குப் போகச் சொல்லுங்க. இல்ல, வாயை மட்டும் அசைச்சாப் போதும்னு சொல்லுங்க."

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே போய் நேராக் கேளுங்க."

நேராகக் கேட்க மாஸ்டருக்கு என்ன பயம்? கண்டிப்புக்குப் பேர்போனவர் அவர். போன வருடம் ஒரே மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தபோதுகூட அடுத்த ஞாயிறே வழக்கம்போல் சபைக்கு முதுகைக் காட்டி ஆர்கன் முன்னால் வந்து உட்கார்ந்தவர். ஒரு சுரம் பிசகவில்லை. 'விசுவாசம்னா இதுதான்யா' என்று ஊரே மெச்சியது.

மறுநாள் காலையில் க்ளினிக்குக்குப் போனார்.

"பல்லைக் காட்டணுமா சார், இல்ல சும்மா பாக்கணுமா? சும்மான்னா சாயங்காலம் வாங்க," என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

கடைவாய்ப் பல் ஒன்று கொஞ்ச நாளாகவே குடைந்துகொண்டுதான் இருந்தது. பல்லையும் காட்டிவிடலாம், பாட்டையும் பேசிவிடலாம் என்று போய் நாற்காலியில் சாய்ந்தார் மாஸ்டர்.

"டாக்டரம்மா, உங்க குரலைப் பத்தி ஒரு விஷயம்..."

"முதல்ல வாயைத் திறங்க. இன்னும் பெரிசா."

வாய்க்குள் கண்ணாடியும் கொக்கியும் நுழைந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட வாயாடியும் அடங்கித்தானே ஆக வேண்டும்? டாக்டரம்மா பல்லைச் சுரண்டிக்கொண்டே மெல்லப் பாட ஆரம்பித்தார். நேற்று ஆராதனையில் அவர் குதறி எடுத்த அதே பாட்டு.

மாஸ்டரின் கண்கள் விரிந்தன. அவ்வளவு சுத்தமான சுருதி. குழுவே வழுக்கி விழும் இடத்தை அந்தக் குரல் அலட்டிக்கொள்ளாமல் தாண்டிப் போனது.

டாக்டரம்மாவின் கையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்குப் பாட வருமா?"

"வருமே! காலேஜ்ல பாட்டுக் குழுவுக்கு நான்தான் லீடர்."

"அப்போ ஞாயித்துக்கிழமை?"

"அது வேணும்னே பண்றது."

கொஞ்சமாவது கூச்சம் இருக்க வேண்டுமே! மாஸ்டருக்கு வந்ததே கோபம்.

"ஆண்டவரோட சந்நிதியில விளையாட்டா? படிச்சவங்க பண்ற காரியமா இது?"

"விளையாட்டு இல்ல மாஸ்டர். நம்ம சபையில ஒரு பொண்ணு, மனசுல ஆறாத துக்கம். பேச்சு, சிரிப்பு எல்லாம் சரியாத்தான் இருக்கும். பாட்டு ஆரம்பிச்சா மட்டும் உடைஞ்சுடுவா. அடக்க அடக்க விம்மல் பெருசாகும். ஒரு நாள் நாலு பேர் திரும்பிப் பாத்துட்டாங்க. மறுவாரம் தலைவலின்னு சர்ச்சுக்கே வரலை. நான் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டு, என் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டேன்."

"அதுக்கும் நீங்க கத்துறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"நான் நல்லாப் பாடினா எல்லாரும் கண்ணை மூடிக் கேப்பாங்க. அவ விசும்புறதும் சேர்ந்து கேக்கும். கத்தினா என்னைத்தானே பாப்பாங்க? பாக்கட்டுமே! அந்தப் பாட்டு முடியற வரைக்கும் அவ நிம்மதியா அழுதுக்கறா."

"ஐயாவுக்குத் தெரியுமா இது?"

"அவர்தான் அவளை என் பொறுப்புல விட்டார்."

மாஸ்டரின் கோபம் போன இடம் தெரியவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான் அவர், அதில் சந்தேகமே வேண்டாம்.

"பாவம். அந்தப் பொண்ணு வீட்டுல அழுது தீர்த்துக்கக் கூடாதா டாக்டரம்மா?"

"வீட்டுல எங்கே விடறாங்க? கண்ணுல தண்ணியைப் பாத்தாலே புருஷன் அதட்டுறாராம். 'விசுவாசம் இல்லாதவ மாதிரி என்ன அழுகை, நாலு பேர் பாத்தா என்ன நினைப்பாங்க'ன்னு."

மாஸ்டர் நாற்காலியிலிருந்து குதித்தே இறங்கிவிட்டார்.

"எவன் அவன்? கட்டின பொண்டாட்டி அழறதுக்கு இவன்கிட்ட அனுமதி வாங்கணுமா? நம்ம சபையிலயா இப்படி ஒரு கல்நெஞ்சக்காரன்? ஆள் யாருன்னு மட்டும் சொல்லுங்க. இப்பவே அவன் வீட்டுக்குப் போய் நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வர்றேன்!"

டாக்டரம்மா முகக்கவசத்தைக் கழற்றினார். கையுறைகளையும் கழற்றிக் கூடையில் போட்டார்.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். நீங்களே இவ்வளவு தூரம் கேட்டுட்டீங்க. அவன் வீட்டுக்கெல்லாம் போக வேண்டாம். உங்க வீட்டுக்குப் போங்க மாஸ்டர். அங்கே உங்க மனைவி அழாம உக்காந்திருக்காங்க."