துப்பறிந்தவர் மேல் பழி உண்டா?

"உங்க கதையில வர்ற துப்பறியுறவரு மேல அந்தச் சாவுப் பழி சேருமா, சேராதாங்க ஐயா?"

சௌரிராஜன் திகைத்தார். அந்த 1936-ஆம் வருஷத்தில் அவருடைய துப்பறியும் நாவல்கள் புது மண்டபத்துக் கடைகளில் வந்த வேகத்தில் விற்றன. மகால் பக்கத்தில் இருந்த அவர் வீட்டுக்கு வாசகர்கள் வருவது புதிதல்ல. ஆனால் எழுத்து வாசனையே இல்லாத ஒரு பெண், வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து கேட்பது இதுதான் முதல் தடவை. பெயர் அன்னக்கொடி என்றாள்.

"எந்தக் கதைம்மா?"

"கள்ளன் கிணத்துல விழுந்து சாவானே, அதுதான். எங்க வீட்டுக்காரரு வாசிச்சுக் காட்டுனாரு."

அவருக்கு நினைவு வந்தது. துப்பறியும் சிதம்பரநாதன், நகை திருடியவனைக் கிணற்றடியில் மடக்குவார். 'விடிந்தால் ஊரே காறித் துப்பும். மானமுள்ளவன் என்ன செய்வானோ அதைச் செய்' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பார். பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்.

"பழி எப்படிம்மா சேரும்? அவர் தள்ளிவிடலையே. குதிச்சது அவன்."

"சாகப்போறான்னு தெரிஞ்சுதானே திரும்பிப் பாக்காமப் போனாரு?"

"அவன் அயோக்கியன். கோர்ட்டுக்குப் போனாலும் தண்டனைதான்."

"கோர்ட்டுல அவன் பேச்சையும் கேட்டிருப்பாகள்ல?"

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உண்மையில் அந்த முடிவை அவர் யோசித்து எழுதவே இல்லை. பக்கம் மிச்சமில்லை என்று அச்சாபீஸ்காரர் அவசரப்படுத்தினார். விசாரணை அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, திருடனைக் கிணற்றில் தள்ளிக் கதையை முடித்திருந்தார்.

"இதைக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"எங்க வீட்டுக்காரரு முத்திருளன், ஊரைக் காவல் காக்குற தலையாரிங்க. அம்மன் கிரீடம் காணாமப் போச்சு. ஒருத்தன் மேல சந்தேகப்பட்டாரு. போலீசுக்குச் சொல்லல. உங்க ஆளு மாதிரியே அவனைக் கிணத்தடிக்குக் கூட்டிட்டுப் போயி, அதே வார்த்தையச் சொல்லிட்டு வந்துட்டாரு."

"அவன்...?"

"விழுந்துட்டான். பொறவு கிரீடம் பூசாரி வீட்டுப் பரண்ல கெடச்சது. அவன் எடுக்கலைங்க."

சற்று முன் 'அயோக்கியன்' என்று தாம் சொன்னதை எண்ணிச் சௌரிராஜன் கூசினார்.

அன்னக்கொடி தொடர்ந்தாள்: "இப்ப எங்க வீட்டுக்காரரு அந்தக் கிணத்தையே போயிப் போயிப் பாத்துட்டு நிக்கிறாரு. சோறு எறங்கல. எனக்குப் பயமா இருக்கு. தள்ளிவிடலை, அதனால பழி இல்லைன்னு இப்பச் சொன்னீகளே, அதை ஒருவாட்டி வந்து அவருகிட்டச் சொல்லுங்க. எழுதுனவரு சொன்னா நம்புவாரு."

"அதைச் சொல்ல எனக்கு இனிமே வாய் வராதும்மா. பழியில பாதி என்னுதுன்னு வேணா சொல்றேன்." எழுந்தார். "ஆனா முதல்ல செத்தவரோட வீட்டைக் காட்டுங்க. அவங்க கால்ல விழுந்துட்டு, அப்புறம் உங்க வீட்டுக்கு வரேன்."

அன்னக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரெண்டு வீட்டுக்கு அலைய வேணாங்க. செத்தவனுக்கு என்னை விட்டா யாருமில்ல. அவன் என் கூடப்பெறந்த அண்ணன்."