முதல் வரி மட்டும் பாக்கி

“இதோ பாருங்க, உள்ளே போனதும் நான்தான் பேசுவேன். நீங்க பாட்டுக்கு எதையாவது ஆரம்பிச்சு எங்கேயாவது போய் நிக்காதீங்க,” என்றாள் அவள், தெருமுனை திரும்பும்போதே.

“சரிம்மா. எங்கே போறோம்னு இன்னும் நீ சொல்லவே இல்லையே?”

“சொன்னா பாதி வழியிலே மறந்துடுவீங்க. வாங்க.”

அவள் நர்ஸ். அவள் கணவன் சாவிக்கடை வைத்திருக்கிறான். ஊரில் பாதிப் பேருக்குச் சாவி செய்து கொடுத்தவன், தன் வீட்டுச் சாவியை மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை தொலைப்பான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ரேடியோவைக் கழற்ற உட்கார்ந்துவிடுவான். அதெல்லாம்கூடப் போகட்டும். ஒரு நாள் ஏழு வயது மகளைப் பள்ளி வாசலில் ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டான். அன்றைக்கு அழுதது மகள் இல்லை, அவன்தான். கெட்டவன் என்றால் நாலு வார்த்தை திட்டித் தீர்க்கலாம். இந்தத் தங்கமான மனுஷனை என்ன செய்வது?

பெரியவர்களுக்கும் இப்படிக் கவனம் சிதறும், அதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர், பழக்கிவிட ஆலோசகர்கள் இருக்கிறார்கள் என்று மருத்துவமனையில் ஒரு டாக்டர் சொன்னார். கணவன் மனசு நோகுமே என்று அவனிடம் மூச்சுவிடாமல், ஒரு மாதமாக டியூட்டிக்கு நடுவில் ஃபோன் போட்டாள். ஓர் இடத்தில் குழந்தைகளுக்கு மட்டும்தான் என்றார்கள். ஓர் இடத்தில் எட்டு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். இன்னோர் இடத்தில், பதினாலு பக்க விண்ணப்பத்தை அவரே உட்கார்ந்து நிரப்ப வேண்டும் என்றார்கள். “அதை நிரப்புற பொறுமை இருந்தா அவர் எதுக்குங்க உங்ககிட்ட வரணும்?” என்று கேட்டுவிட்டு வைத்தாள். இது பத்தாவது இடம்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அறுவை சிகிச்சைப் பிரிவுப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெளியூரில் ஆறு மாதம். எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தது. இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் பிள்ளையை இவனை நம்பி விட்டுவிட்டு எப்படிப் போவது?

ஒரு மாடிக் கட்டடத்தின் முன்னால் வந்ததும் அவன் நின்றுவிட்டான். “இங்கேயா?”

“இங்கேதான். ஆலோசகரைப் பார்க்கப் போறோம். இதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல. பின்வாங்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

“அதுக்கில்லம்மா. உன்கிட்ட ஒரு விஷயம்...”

“மேலே போய்ச் சொல்லுங்க.”

மாடிக் கதவு மக்கர் செய்தது. அவள் தள்ளிப் பார்த்து அலுத்தாள். அவன் கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கித் திருப்ப, திறந்துகொண்டது. சாவிக்காரன் கை சும்மாவா என்று நினைத்துக்கொண்டாள். அவள் உட்காரப் போனதும், “அது வேண்டாம், கால் ஆடும்,” என்று வேறொரு நாற்காலியை இழுத்துப் போட்டான். வேண்டாததெல்லாம் மட்டும் இவன் கண்ணில் சரியாகப் படும்.

“என்னமோ சொல்லணும்னீங்களே?”

“ஆமா, அது வந்து...” அவன் பார்வை கதவுக்குப் போனது. “அந்தப் பூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடணும்.”

அதற்குள் ஆலோசகர் கூப்பிட்டுவிட்டார். நரைத்த முடியும் சிரித்த முகமுமாக ஓர் அம்மா. அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “நீங்கதான் இவர் வீட்டம்மாவா? உட்காருங்க.”

அவள் கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தாள். “எல்லாம் தேதி போட்டு எழுதியிருக்கேன் மேடம். நர்ஸ் இல்லையா, பழக்கம். கேஸை அணைக்காம விட்டது நாலு தடவை. சாவி தொலைச்சதுக்குக் கணக்கில்ல. என் பிறந்த நாளை மறந்தது ஒரு தடவை. தப்பான தேதியில கேக் வாங்கிட்டு வந்தது ரெண்டு தடவை.”

“கேக் நல்லா இருந்துச்சு,” என்றான் அவன்.

“நீங்க சும்மா இருங்க.”

ஆலோசகர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். “இதுல கடைசித் தேதி என்னம்மா?”

அவள் தாளின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். ஐந்து மாதத்துக்கு முந்தைய தேதி. “அது... அப்புறம் எழுத நேரம் கிடைக்கல.”

“பிள்ளையை ஸ்கூல்ல இருந்து யார் கூப்பிட்டு வர்றது?”

“இவர்தான். ஆனா தினமும் மூணு மணிக்கு நான் ஃபோன் போட்டு ஞாபகப்படுத்தியாகணும்.”

“ஃபோனை எடுக்கும்போது எங்கே இருப்பார்?”

“ஸ்கூல் வாசல்ல...” என்றவள் பாதியில் நிறுத்தினாள். கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சொல்லிடலாமா?” என்று ஆலோசகர் அவனிடம் கேட்டார். அவன் தலையாட்டினான்.

“எங்க கதவுக்குச் சாவி போட வந்தவர்தாம்மா. ‘பிள்ளையை ஸ்கூல் வாசல்ல மறந்துட்டேன், எனக்கு ஏதாவது வழி சொல்லுங்க’ன்னு இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்தார். அஞ்சு மாசமா செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வர்றார். ஒரு வாரம்கூடத் தவறினதில்ல. கொடுத்த வேலையெல்லாம் முடிச்சிட்டார். முதல் நாள் கொடுத்தது ஒண்ணுதான் பாக்கி.”

அவள் தாளை மடித்துக் கைப்பைக்குள் போட்டாள். “என்ன பாக்கி?”

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துத் தயங்கித் தயங்கி நீட்டினான். பக்கம் பக்கமாக எல்லா வரியையும் பேனாவால் அடித்திருந்தான், முதல் பக்கத்து முதல் வரியைத் தவிர: ‘இங்கே வருவதை இன்றே மனைவியிடம் சொல்ல வேண்டும்.’

அவள் அவன் பேனாவைப் பிடுங்கி அந்த வரியை அடித்தாள்; கண்ணைத் துடைத்துக்கொண்டு அதன் கீழே எழுதினாள்: ‘ஆறு மாதம் பிள்ளை உங்கள் பொறுப்பு.’